காசி யாத்திரை: சர்க்கரை நோயாளி எதை விடலாம், எதை விடக் கூடாது?

கேள்வி: எனக்கு 58 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் கலப்பு இன்சுலின் ஊசி, மெட்ஃபார்மின் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. வீட்டில் இருக்கும்வரை காலை நடை, மூச்சுப் பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் பாதங்களைக் கழுவி எண்ணெய் தடவுவது என எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வெளியூர் கிளம்பினால் ஒன்றுகூட நிற்பதில்லை. போன முறை ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு சர்க்கரை பழைய நிலைக்கு இறங்க ஒரு மாதம் ஆயிற்று. தை மாதம் நானும் கணவரும் உறவினர்களோடு ராமேஸ்வரம், பிரயாகை, காசி, கயா என்று 12 நாள் யாத்திரை போகிறோம். என் பழக்கங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? — வாசகி, கும்பகோணம்.

பதில்: எல்லாவற்றையும் காப்பாற்ற முயலாதீர்கள். வீட்டில் செய்வது அத்தனையையும் ரயிலிலும் சத்திரத்திலும் செய்ய நினைப்பவர்கள் இரண்டாம் நாளே களைத்துப்போய், எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். 45 நிமிட நடையும் மூச்சுப் பயிற்சியும் 12 நாள் தடைப்பட்டால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. சர்க்கரை வழக்கத்தைவிட 30, 40 புள்ளி கூடுதலாக இருந்தாலும் பதற வேண்டாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, 12 நாள் ஏற்றத்தால் பெரிதாக மாறாது. இந்த யாத்திரையில் உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமாவது, செருப்பில்லாத கால்கள், குடிக்காமல் விட்ட தண்ணீர்.

முதலில் ஊசியும் சாப்பாடும். வீட்டில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் இட்லி தயாராக இருக்கும். ரயிலில் ஏழரைக்கு வரவேண்டிய சாப்பாடு ஒன்பதுக்கு வரும், சில நாள் வராமலே போகும். போட்ட இன்சுலின் காத்திருக்காது. ஆகவே இந்த 12 நாளும் நேரத்தை மறந்துவிடுங்கள். சாப்பாடு உங்கள் கைக்கு வந்து, அதைப் பிரித்துப் பார்த்த பிறகே ஊசி. வழக்கமான அரை மணி இடைவெளி கிடைக்காததால் சாப்பிட்டபின் சர்க்கரை சற்று ஏறும், அது பரவாயில்லை. ஓடும் ரயிலில் நள்ளிரவில் சர்க்கரை 50க்கு இறங்குவதுதான் பரவாயில்லை என்று சொல்ல முடியாத விஷயம்.

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். புளியோதரை, எலுமிச்சை சாதம் என்று கட்டிக்கொண்டு போவீர்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் அத்தனையும் அரிசி. கூடவே வறுத்த கடலை, நிலக்கடலை, முதல் நாளைக்குச் சுண்டல், சப்பாத்தி வைத்துக்கொண்டால் சாதத்தின் அளவு தானாகக் குறையும். காசியில் நகரத்தார் சத்திரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பது பெரிய வசதி. காலையில் கடைவீதியில் கச்சோரியும் ஜிலேபியும் சூடாக இருக்கும். ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள்; அதைக் காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், காலை உணவுக்கு மேல் வேண்டாம். பிரசாதத்துக்கும் இதே கணக்குதான்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதியாக வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது சிராத்த நாள்தான். பிரயாகையில் வேணி தானம் (மனைவியின் கூந்தல் நுனியைச் சங்கமத்தில் விடும் சடங்கு), கயாவில் பிண்ட தானம் என்று தம்பதியாக உட்காரும்போது முடியும்வரை சாப்பிடுவதில்லை. மதியம் ஒன்று, இரண்டு மணிகூட ஆகிவிடும். அன்று காலையும் பழக்கத்தில் முழு அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படகில் ஏறினால் நிச்சயம் சர்க்கரை தாழும். பட்டினி இருக்கும் காலையில் கலப்பு இன்சுலினை வழக்கம்போல் போடக் கூடாது; அதற்காக நாள் முழுவதும் ஊசியையே விட்டுவிடவும் கூடாது. அன்றைக்கு எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாஸ்திரிகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீர், பழம், பால், மருந்து இவற்றால் விரதம் கெடுவதில்லை என்ற பழைய விதி அவர்கள் அறியாததல்ல. நோயாளி என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் பாலுக்கும் பழத்துக்கும் சம்மதிப்பார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

சர்க்கரை தாழ்வதன் அடையாளங்கள் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும்: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். கருவியில் 70க்குக் கீழ் காட்டினால், சோதிக்க வசதி இல்லாத இடத்தில் சந்தேகம் வந்தாலே, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று உங்கள் இடுப்புப் பையிலும் ஒன்று கணவர் சட்டைப் பையிலும் எந்நேரமும் இருக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவ உதவி தேட வேண்டும், ரயிலில் 139 எண்ணை அழைக்க வேண்டும் என்பதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்சுலினைக் கெடாமல் கொண்டுபோவது பற்றிப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். நெடுநாள் சேமித்து வைக்கும் திறக்காத குப்பிகளைத்தான் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். தை மாதக் காசியில் குளிர்சாதனப் பெட்டியைத் தேடி அலையவே வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரமும் வெயிலில் நிற்கும் வேனும்தான் ஆகாது. பனிக்கட்டியோடு ஒட்டவைத்து எடுத்துச் செல்வது அதைவிட மோசம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்குச் சரியாக இருந்தாலும் பயன்படாது. வெப்பமான ராமேஸ்வரத்துக்கு ஈரத் துணியில் சுற்றிய டப்பா போதும். கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டினால் சீராகப் பால்போல் ஆக வேண்டும். கட்டி கட்டியாகச் சுவரில் ஒட்டினால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

தேவையானதைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, இரு பைகளில் பிரித்து வையுங்கள். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அளவில் வருகின்றன, பேனா வடிவ ஊசிக்கான மருந்துக் குழல்கள் 100 யூனிட் அளவில். ஊசிக்குழலும் அதற்கேற்ப இரண்டு வகை. 40க்கான ஊசிக்குழலில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் போய்விடும். மொழி தெரியாத ஊரின் மருந்துக்கடையில் அவசரத்தில் நிகழக்கூடிய தவறு இது. உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்தது பாதம். 14 ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி நாம் அறியாமலே குறைந்திருக்கலாம். மருத்துவரிடம் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். யாத்திரை முழுக்கச் செருப்பில்லாத நடைதான். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடும்போது மணிக்கணக்கில் ஈரத் தரையில் ஈரப் புடவையோடு நடப்பீர்கள். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் தோல் ஊறி வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். முடிந்த உடனே உலர்ந்த துணியால் ஒவ்வொரு இடுக்கையும் துடையுங்கள். நீங்கள் இரவில் தடவும் எண்ணெயை உள்ளங்காலிலும் குதிகாலிலும் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நண்பகலில் கற்பிரகாரத்தில் நடப்பதைத் தவிர்த்து, அதிகாலையிலோ மாலையிலோ தரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். சுடுவது தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அனுமதிக்கும் இடங்களில் பருத்திக் காலுறை அணியுங்கள். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்க வேண்டாம். ஏற்கெனவே பழகியதையே போடுங்கள். அலுத்த காலைச் சுடுநீரில் வைக்கும் ஆசை காசிக் குளிரில் எல்லோருக்கும் வரும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இரவில் படுக்கும் முன் பாதத்தைப் பார்ப்பதை எந்த நாளும் தவறவிடக் கூடாது. குனிய முடியாவிட்டால் செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பாருங்கள், அல்லது கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு கொப்புளமோ கீறலோ இருந்தால் மறுநாள் ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும். சிவந்தோ, வீங்கியோ, நீர் வடிந்தோ இருந்தால் அந்த ஊரிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். கும்பகோணம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் தள்ளிய புண்களால் விரல் போனவர்கள் உண்டு.

தண்ணீர் விஷயம் பெண்களுக்கே உரிய தொல்லை. கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் வரும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் மிஞ்சும். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். நீர் குறைந்தால் சர்க்கரையும் ஏறும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செல்லும் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கழிவறைக்கு எழுந்து போவதையே நடையாக எண்ணிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால் சிலர் பயண நாளில் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கலாமா என்று தயங்க வேண்டாம், குடிக்கத்தான் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். வாந்தியும் பேதியும் அதிகமாக இருக்கும் நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவைக்க மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காசியில் படித்துறைகளும் சந்துகளுமாக வீட்டில் நடப்பதைவிட அதிகமாகவே நடப்பீர்கள். அந்த நாட்களில் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கும், ஆகவே மாலையில் ஒருமுறை கூடுதலாகச் சோதியுங்கள். குளிரில் விரல் நுனியில் ரத்தம் வராவிட்டால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கடும் குளிரில் கருவியும் பிழை காட்டும், சால்வைக்குள் வைத்திருங்கள்.

குழுவோடு போவதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று சாப்பாட்டைத் தள்ளிவைப்பவர், அதிகாலை மூன்று மணி ஆரத்திக்கும் இரவுப் பூஜைக்கும் ஒரே நாளில் இழுபடுபவர், பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்தான். “நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்” என்று முதல் நாளே உரக்கச் சொல்லுங்கள். யாருக்கும் அதில் குறை வராது.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவரைப் பாருங்கள். சிராத்த நாள் ஊசி அளவு, அதிகம் நடக்கும் நாள் அளவு, பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, மருந்துகளின் மூலப்பெயர், இவற்றை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். திரும்பியதும் மூன்று நாள் காலையும் இரவும் சோதித்து, பயணத்தில் குறைத்த அளவைப் பழையபடி ஏற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.