நர்சிங் கேட்கும் பெண்ணை டாக்டர் படிப்புக்குத் தள்ளாதீர்கள்

"இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு நர்ஸா?" என்று மாமாவும் சித்தப்பாவும் கேட்பதால் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் கவலைப்பட வேண்டியது நர்சிங் படிக்க வேண்டும் என்ற மகளின் ஆசையைப் பற்றி அல்ல. அவள் கேட்காத மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்க யோசிக்கிறீர்களே, அதைப் பற்றித்தான். வேண்டாம். கேள்வி கேட்கும் மாமா தவணை கட்ட வரமாட்டார்.

தாத்தாவுக்கு பைபாஸ் முடிந்தபின் அவரை நடக்கவைத்ததும் மாத்திரை நேரம் பார்த்ததும் அவள்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதுவே ஒரு துறை: இதய மறுவாழ்வு நர்சிங். மாரடைப்போ அறுவையோ கண்டவரை மறுபடி நடக்க, மாடியேற, வேலைக்குப் போகப் பழக்குவது.

தியரி வெறும் மனப்பாடம், வேலைக்கு உதவாது என்று யாரோ சொன்னார்களாம். இங்கே அது பொருந்தாது. நோயாளியின் தேவைகளை நர்ஸே முழுக்கப் பார்ப்பது, பாதி பார்ப்பது, சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது என மூன்று நிலைகளைச் சொன்னார் அமெரிக்க நர்சிங் அறிஞர் டோரதியா ஓரெம். ஐசியூவில் முதல் நிலை, வார்டில் எழுந்து நடக்கும்போது இரண்டாவது, வீட்டிலிருந்து பயிற்சிக்கு வந்துபோகும் வாரங்களில் மூன்றாவது. எப்போது கையை விடுவது என்று தெரியாத நர்ஸிடம் நோயாளியின் பயம் தெளியாது.

இன்னொன்று. டிரெட்மில்லில் நடப்பவரிடம், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலைக் காட்டி எவ்வளவு சிரமம் என்று கேட்பார்கள். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு சுமாராக வரும் என்பது பாடம். பீட்டா பிளாக்கர் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவரிடம் இந்தக் கணக்கு உதைக்கும், ஏனென்றால் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. மானிட்டரில் 90தான் இருக்கும். அவரோ ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவார். பாடத்தைப் புரிந்து படித்தவள் அந்த 90ஐ நம்பாமல் வேகத்தைக் குறைப்பாள்.

நேராக இதில் நுழைய முடியாது. பட்டம், அப்புறம் இதய வார்டில் சில வருட அனுபவம், இசிஜி பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம், உயிர்காப்புப் பயிற்சி எல்லாம் வேண்டும். இந்தப் பிரிவு எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கல்லூரியில் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மாணவிகளை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே இதயப் பிரிவு உண்டா, வகுப்பெடுக்கும் ஆசிரியர் வார்டுக்கும் கூட வருகிறாரா என்று விசாரியுங்கள். எல்லா வருடக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.