சூழலியல் பொருளாதாரம் படிக்க எதற்குக் கட்டணம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் சூழலியல் பொருளாதாரக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் வணிகவியல் முடித்துவிட்டு கணக்கு வேலை பார்ப்பவன். மூன்று வருடப் படிப்பில் மண், தண்ணீர், காடு எதுவும் எந்தக் கணக்கிலும் வந்ததாக நினைவில்லை. சரி, இதை முறையாகப் படிப்போம் என்று தேடினால் போகிற இடமெல்லாம் கட்டணம். ஆய்வுக் கட்டுரைக்குத் தனி, பாடநூலுக்குத் தனி, சான்றிதழ் வகுப்புக்குத் தனி. நீங்களோ இது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா? சும்மா கிடைப்பதை யார் மதிப்பார்கள்? அப்புறம் ஒரு அனுமதி: உங்கள் குறிப்புகளை அச்செடுத்து, உடன் வேலை செய்யும் நாலைந்து பேரோடு சேர்ந்து படிக்கலாமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இலவசமாகக் கொடுப்பது தர்மம் என்பதற்காக நான் அப்படி எழுதவில்லை. பொருளாதாரத்தை இயற்கைக்குள் அடங்கிய ஒரு பகுதியாகப் பார்ப்பதுதான் சூழலியல் பொருளாதாரம். இந்தத் துறை சொல்லும் பாடத்தின்படியே பார்த்தாலும் இதைப் பூட்டி வைப்பது தவறு. ஒரு லிட்டர் பெட்ரோலை நான் எரித்துவிட்டால் அது உங்களுக்குக் கிடையாது. நான் பிடித்த மீன் உங்கள் வலையில் விழாது. இப்படி ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறைகிற பொருளுக்கு ஏதாவது ஒரு பங்கீட்டு முறை வேண்டும், விலை அதில் ஒன்று. ஆனால் பெட்ரோல் ஏன் தீர்கிறது என்று நான் உங்களுக்கு விளக்கினால் எனக்குத் தெரிந்ததில் ஒரு துளிகூடக் குறைவதில்லை, நீங்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியால் கூடத்தான் செய்கிறது. குறையாத ஒன்றின்மேல் விலை வைத்தால் அந்த விலை பங்கிட்டுக் கொடுப்பதில்லை, இல்லாத பஞ்சத்தை உண்டாக்குகிறது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் டேலியும் ஜோஷுவா ஃபார்லியும் எழுதிய பாடநூலில் இந்த வேறுபாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. அதைச் சொல்லித்தரும் வகுப்பின் வாசலிலேயே கட்டணப் பூட்டு தொங்குவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் படித்த பாடத்தில் இயற்கை வரவே இல்லை என்கிறீர்கள். அதற்கு டேலி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. அவர் 1988 முதல் 1994 வரை உலக வங்கியில் வேலை பார்த்தார். அந்த வங்கி வெளியிட்ட 1992 உலக வளர்ச்சி அறிக்கையின் தலைப்பே வளர்ச்சியும் சுற்றுச்சூழலும்தான். அதன் முதல் வரைவில் ஒரு படம்: 'பொருளாதாரம்' என்று எழுதிய ஒரு பெட்டி, உள்ளே போகும் ஓர் அம்பு, வெளியே வரும் ஓர் அம்பு. உள்ளே போவது எங்கிருந்து போகிறது, வெளியே வருவது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டு, சுற்றி இன்னொரு பெட்டி போட்டு 'சுற்றுச்சூழல்' என்று எழுதச் சொன்னார் டேலி. அடுத்த வரைவில் பெட்டி வந்தது, பெயர் இல்லை, வெறும் சட்டம் போட்ட படம் மாதிரி. இது போதாது, வெளிப்பெட்டிக்குப் பெயர் வேண்டும் என்று மறுபடியும் எழுதி அனுப்பினார். அதற்கடுத்த வரைவில் படமே இல்லை. ஏன் எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெளிப்பெட்டியை வரைந்துவிட்டால் உள்பெட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்வி தானாக வந்துவிடும். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதை விளக்கிவிடலாம். இதற்குக் கட்டணம் கேட்கலாமா?

சம்பளம் கண்டிப்பாக வேண்டும். படிப்பவருக்கு இலவசம் என்றால் உழைப்பவருக்குக் கூலி இல்லை என்று பொருள் கிடையாது. ஒரு பாடத்தை உருவாக்கும் செலவு ஒரு முறை வருவது, அதை ஆயிரமாவது ஆளுக்குக் கொடுக்க ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அந்த முதல் செலவைப் பல்கலைக்கழகமோ, அரசோ, அறக்கட்டளையோ ஏற்றுக்கொண்டால் முடிந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது, அதற்காக அங்கே யாரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு நீங்கள் கட்டும் பணம் அதை எழுதியவருக்குப் போவதில்லை, சரிபார்த்தவருக்கும் பெரும்பாலும் போவதில்லை. பல ஆய்வுகளுக்குப் பொதுப்பணமே முதல். அதனால் கட்டணம் கேட்டு நிற்கும் கட்டுரையைப் பார்த்தால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கியவை நிறைய, சிலர் கூடவே தங்கள் வகுப்புக் குறிப்புகளையும் அனுப்பியிருக்கிறார்கள்.

சும்மா கிடைப்பதை யார் மதிப்பார்கள் என்று கேட்டீர்களே, அதில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. விலை இல்லாதது மதிப்பில்லாதது என்ற இந்தப் பழக்கத்தோடு சண்டை போடவே இந்தத் துறை பிறந்தது. நிற்கிற மரத்துக்குக் கணக்கில் இடமில்லை, வெட்டி விற்றால் அன்றைக்கே வருமானம். கணக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு இது சட்டென்று உறைக்கும்: மூலதனத்தை விற்று வந்த காசை லாபம் என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்? 1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் உடன் ஆய்வாளர்களும் இயற்கை நமக்குச் செய்யும் வேலைகளுக்கு ஒரு மதிப்பு போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் வந்தது. அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே 18 லட்சம் கோடிதான். அந்தக் கணக்கைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இந்தத் துறைக்குள்ளேயே உண்டு, எனக்கும் இயற்கைக்கு டாலரில் விலை எழுதுவதில் ஒப்புதல் இல்லை. ஆனால் அந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டுமானால் இரு தரப்பு எழுத்தும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

கைக்கு வந்தாலும் போதாது, மொழிபெயர்க்கவும் மாற்றவும் உரிமை வேண்டும். படிக்க மட்டும் திறந்துவிட்டு, வேறு மொழியில் எழுதக்கூடாது என்று தடுத்து வைத்திருக்கும் பாடங்கள் நிறைய. மற்றவர் எடுத்துப் பயன்படுத்த எழுதியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதிலும் சில வகை மாற்றுவதற்கு இடம் கொடுக்காது. மொழிபெயர்ப்பது வெறும் சொல் மாற்றும் வேலை இல்லை. 'த்ரூபுட்' என்ற சொல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பூமியிலிருந்து எடுத்து, பொருளாக்கி, பயன்படுத்தி, கழிவாகப் பூமியிலேயே கொட்டுகிற அந்த முழு ஓட்டம். கடைசியில் 'தின்று கழிப்பது' என்று எழுதினேன். வழக்கமான பொருளியல் ரத்த ஓட்டத்தை மட்டும் பார்க்கிறது, குடலைப் பார்ப்பதில்லை என்று டேலியே சொல்லியிருப்பதால் அந்தத் துணிச்சல் வந்தது. இன்னொரு பக்கம், நிலக்கரி, எண்ணெய் போல அளவாக இருக்கும் கையிருப்பையும், ஓடும் ஆறு, வளரும் காடு போல வந்துகொண்டே இருக்கும் வரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா 1940களிலேயே எழுதிவிட்டார். பொருளியலாளர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் வெப்ப இயக்கவியலை வைத்துப் பொருளாதாரத்தை ஆராய்ந்த பெருநூல் வந்தது 1971இல். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு பாடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நான் அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் அனுமதி. தாராளமாக அச்செடுங்கள், கேட்கவே வேண்டாம். வெட்டலாம், சேர்க்கலாம், உங்கள் உதாரணங்களைப் போடலாம், இதே சுதந்திரத்தோடு அடுத்தவருக்குக் கொடுங்கள், அவ்வளவுதான். நாலைந்து பேர் என்றால் ஒரு தடவைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், சத்தமாக வாசித்துவிட்டுப் பேசுங்கள். காணொளிகளைவிட எழுத்துக் கோப்பு நல்லது, டேட்டா தின்னாது, ஓரத்தில் குறிப்பெழுதவும் இடம் இருக்கும். தேய்மானம் பற்றிய என் மூன்றாவது குறிப்பு கணக்காளர் யாரும் பார்க்காமல் போட்டது. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம், நிலத்தடி நீருக்கு ஏன் எழுதுவதில்லை என்று அதில் கேட்டிருப்பேன். உங்கள் குழு அதை அடித்துத் திருத்தினால் அந்தப் பிரதியை அப்படியே எனக்கு அனுப்புங்கள், அதையே தளத்தில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்