ஹோஸ்ட் குடும்பம் பேச்சைக் குறைத்துவிட்டது, வீடு மாறலாமா?

உங்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்திருக்கும் ஹோஸ்ட் குடும்பம் இப்போது முன்போல் பேசுவதில்லை, வேறு வீட்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே வேறு வீடு கேட்க வேண்டாம். முதலில் அவர்களிடமே நேரில் கேட்டுவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். நாள் முழுக்க வேற்றுமொழியில் பேசிய களைப்பு உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிவது சாத்திய கதவு மட்டும்தான். தங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஒதுங்கியிருப்பார்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்: சாப்பிட்டதும் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தபடி கால் மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். கை வேலையாக இருந்தால் தப்பும் தவறுமாகப் பேசவும் கூச்சம் இருக்காது. அப்புறம், "நான் ஏதாவது மாற்றிக்கொள்ள வேண்டுமா?" என்று கேளுங்கள். குளிக்கும் நேரம், நள்ளிரவு போன் பேச்சு என்று சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒப்பந்தப்படி சாப்பாடு தராவிட்டாலோ, கேட்காமல் அறைக்குள் வந்தாலோ பொறுத்துப்போகாதீர்கள். அன்றே, உங்களுக்கு இந்த வீட்டை ஏற்பாடு செய்துகொடுத்த ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.