பலாவின் அடிமரத்தில் சாம்பல் திட்டுகள்: மரத்தைத் தறிக்க வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டு வளவில் நிற்கும் பலாவின் அடிமரம் எங்கும் சாம்பலும் வெளிர்பச்சையுமான திட்டுகள் படர்ந்துள்ளனவாம். தேங்காய் பறிக்க வந்த ஒருவர், இது பக்கத்து மாமரத்துக்கும் பரவும் தொற்றுநோய் என்றும், கூலி வாங்காமலே மரத்தைத் தறித்து ஏற்றிச் செல்வதாகவும் கூறியிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார்.

தறிக்க வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது இலைக்கன். பங்கசும் (பூஞ்சணம்) அல்காவும் (பாசி) ஒன்றையொன்று சார்ந்து, ஓருடலாகச் சேர்ந்து வாழும் வாழ்வு அது. அல்கா வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பங்கசு அதற்கு உறைவிடமும் ஈரமும் கொடுக்கிறது. மரத்தின் சாற்றிலிருந்து இவை எதையும் எடுப்பதில்லை. உங்கள் மதிலையும் கூரை ஓட்டையும் உற்றுப் பாருங்கள், அங்கும் இலைக்கன் படர்ந்திருக்கக் காண்பீர்கள். மதிலில் உறிஞ்சுவதற்குச் சாறு ஏது? ஐயம் தீரவில்லையென்றால், காய்ந்த திட்டொன்றில் சில துளி நீர் விடுங்கள். சாம்பல் நிற மேற்படை ஈரத்தை உறிஞ்சி ஒளியை உள்ளே விட, அடியிலுள்ள அல்காவின் பச்சை சற்று நேரத்தில் துலங்கிவரும். நலிந்த மரங்களில் இலைக்கன் கூடுதலாகத் தெரிவது உண்மையே. இலை உதிர்ந்து பட்டைவரை வெயில் இறங்குவதுதான் அதற்குக் காரணம். அதைச் சுரண்டவோ மயில்துத்தம் பூசவோ வேண்டாம். பட்டை காயப்பட்டால், உண்மையான நோய் நுழைய நாமே வழி திறந்தவர்களாவோம்.

இலவசமாகத் தறிக்க முன்வருபவரின் கண் மரத்தின் நோயில் இல்லை, தளபாடத்துக்கு நல்ல விலை போகும் பலாப் பலகையில்தான் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. தறித்தவர் லொறியோடு போய்விடுவார். கேள்வி வரும்போது பதில் சொல்ல நிற்பவர் காணிக்காரர். ஒரு மரத்தை வந்து பார்த்து, நோயா இல்லையா என்று சொல்லத் தக்க ஒருவரைத் தேடி வாரக்கணக்கில் அலையவேண்டிய நிலை இருக்கும்வரை இத்தகையோருக்குப் பிழைப்புக் குறையாது. பாடசாலையில் படம் வரைந்து பாகம் குறித்த இலைக்கனை வாசலில் அடையாளம் காண முடியாதபடி நாம் கற்பிக்கப்பட்டிருப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒன்றை மட்டும் இத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது: குருவிச்சை. அது மெய்யான ஒட்டுண்ணி. கிளையின் நடுவே, மரத்தின் இலையை ஒவ்வாத தடித்த இலைகளோடு ஒரு செடி தனியே தழைத்திருந்தால், அது பற்றிய இடத்தைப் பாருங்கள். கிளை அங்கு முடிச்சாக வீங்கியிருக்கும். அதன் பழத்தைத் தின்னும் பூக்கொத்திக் குருவி, பசைபிடித்த விதையைக் கிளையில் தேய்த்து விலக்குகிறது. விதை முளைத்து, உறிஞ்சும் வேரைக் கிளையின் காழுக்குள் (நீரைக் கடத்தும் பகுதிக்குள்) இறக்கி, மரத்தின் நீரையும் கனியுப்பையும் எடுத்துக்கொள்கிறது. பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கும். ஆனாலும் குருவிச்சைக்கு அப்பாலுள்ள கிளை நீரின்றி மெலியும், பல இடங்களில் பற்றினால் மரமே தளரும். அதன் இலையை மட்டும் ஒடித்தால் உள்ளே தங்கிய வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆகவே வீக்கத்துக்கு ஓரடி கீழே, அடிமரத்தின் பக்கமாக, கிளையோடு சேர்த்தே அறுத்துவிட வேண்டும்; பழம் முதிர்வதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.