1797-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கப்பல் 1799 லாயிட்ஸ் பதிவேட்டில் இருப்பது எப்படி?

பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் கப்பல் திரும்பிவிட்டது என்று கொள்ள முடியாது. லாயிட்ஸ் பதிவேடு என்பது வணிகக் கப்பல்களின் ஆண்டுப் பட்டியல்; அன்று யாரும் புதுத் தகவல் தராவிட்டால் பழைய வரியே அதில் ஆண்டுக்கணக்கில் அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கும். உங்கள் கப்பலுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சோதிக்க ஒரு வழி உண்டு. 1796, 1799 பதிவுகளை அருகருகே வையுங்கள். மாலுமித் தலைவர், உரிமையாளர், பயணத்தடம் எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அது செத்த பதிவு. தலைவர் மாறியிருந்தால் விஷயம் வேறு.

அப்போது லாயிட்ஸ் லிஸ்ட் செய்தித்தாளில் 'மீட்கப்பட்டது' என்ற வரியைத் தேடுங்கள். பிரெஞ்சுத் தனியார் வேட்டைக் கப்பல்கள் (எதிரி வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசு உரிமம் பெற்றவை) பிடித்ததை பிரிட்டிஷார் வழியிலேயே மீட்பது அன்று சகஜம். மீட்கப்பட்ட கப்பல் பழைய உரிமையாளருக்கே போகும், சும்மா அல்ல: மீட்டது அரச கடற்படை என்றால் மதிப்பில் எட்டில் ஒரு பங்கு, உரிமம் பெற்ற தனியார் கப்பல் என்றால் ஆறில் ஒரு பங்கு, மீட்டவருக்குக் கூலி. அதன்பின் அது பழையபடி சரக்கு ஏற்றும்.

ஒன்று கவனம்: 'ஹோப்', 'நான்சி' என்று அன்று தெருவுக்கொரு கப்பல். பெயரை மட்டும் நம்பாமல் டன் அளவும் கட்டிய இடமும் பொருந்துகிறதா பாருங்கள்.