தண்ணீர் எப்போது கசிகிறது என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கி 6 வருடம் ஆகிறது. இப்போது துணி போட்டாலே முன்பக்கம் தரையில் தண்ணீர் நிற்கிறது. மெக்கானிக்கிற்கு போட்டோ அனுப்பினேன். பார்த்தவுடனே டோர் ரப்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். நானே சரிசெய்ய வழி உண்டா?
– ஒரு வாசகி, பல்லாவரம்

பதில்: நிச்சயம் முயன்று பார்க்கலாம் அம்மா. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான் போட்டோ காட்டும், எங்கிருந்து வருகிறது என்று காட்டாது. பின்பக்க ஹோஸில் ஒழுகுகிற தண்ணீர் கூட தரை வாட்டத்தில் முன்னால் வந்து நிற்கும். இதைப் பார்க்காமல் நல்ல ரப்பரைக் கழற்றி எறிந்த வீடுகளை என் சர்வீஸ் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தரையை நன்றாகத் துடைத்துவிட்டு, மெஷினைச் சுற்றியும் அடியில் கை போகிற வரைக்கும் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். துணி போடாமல் ஒரு ரின்ஸ் ஓட்டுங்கள். எந்த மூலைத் தாள் முதலில் நனைகிறது, அப்போது மெஷின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். மெஷின் ஓடாதபோதே நனைந்தால் குழாய் இணைப்பு. தண்ணீர் ஏறும்போது என்றால் இன்லெட் ஹோஸ் அல்லது பவுடர் டிரே. டிரம் சுற்றும்போது கதவோரம் வழிந்தால் ரப்பர். தண்ணீர் வெளியேறும்போது வந்தால் டிரெயின் ஃபில்டர் அல்லது டிரெயின் ஹோஸ். பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும்.

எதில் கை வைக்கும் முன்பும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிடுங்கள். பிளக் பக்கமும் தரை ஈரமாக இருந்தால் முதலில் மின்சாரப் பெட்டியில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். கசிவோடு சேர்ந்து வீட்டு மின்சாரமும் டிரிப் ஆகிறதென்றால் நீங்கள் தொடவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்த ரப்பர். கதவைத் திறந்து, கீழ்ப்பக்க மடிப்பை இரண்டு விரலால் விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேர்பின், சில்லறைக் காசு, சட்டைப் பட்டன், முடிக் கற்றை, கறுப்பாகப் பூஞ்சை, இத்தனையும் அங்கேதான் குடியிருக்கும். மடிப்பின் அடியில் உள்ள சிறு துளைகள் அடைத்திருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். அவற்றையும் சுத்தம் செய்யுங்கள். போர் தண்ணீர் புழங்கும் வீடானால் கதவுக் கண்ணாடியிலும் உப்பு படிந்து சொரசொரவென்று இருக்கும். ரப்பர் அதன்மேல் சரியாக உட்காராது. ஈரத்துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டு கண்ணாடியைத் துடையுங்கள், அப்புறம் வெறும் ஈரத்துணியால் இன்னொரு தரம். பாதிக் கசிவு இதிலேயே நின்றுவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரப்பர் உண்மையிலேயே கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை. சுற்றும்போது இழுபடுகிற இடம் அது, எந்தப் பசையும் தாங்காது. அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி, மாற்றிவிடுங்கள்.

டிரெயின் ஃபில்டர் முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் இருக்கும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறட்டும். அடியில் தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருகுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் அந்த வழியாகத்தான் வரும். கழுவிய பிறகு ரப்பர் வளையத்தையும் மரையையும் பாருங்கள். மரையில் பவுடர் கட்டி ஒட்டியிருந்தாலோ, மாட்டும்போது கோணலாக ஏறினாலோ அங்கிருந்தே சொட்டும். ஃபில்டர் சுத்தம் செய்த பிறகுதான் கசிய ஆரம்பித்தது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இன்லெட் ஹோஸில் மெஷின் பக்கத்து நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கல்லாகிவிட்டால் கசியும். ஹார்டுவேர் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். கையால் முறுக்கினாலே போதும். பிளையர் போட்டால் வால்வின் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும், செலவு பல மடங்காகும். அந்த இடத்தில் டெஃப்லான் டேப்பும் உதவாது. தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான்.

டிரே வழியாக நுரை பொங்கினால் பவுடரைப் பாருங்கள். கையால் துவைக்கிற பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடவே கூடாது. டிரேயை வெளியே இழுத்து, கட்டியாக உறைந்ததைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் கசிந்து, டிரம் சுற்றும்போது கரகரவென்று சத்தமும் வந்தால் பேரிங்கும் அதன் சீலும் போயிருக்கும். அது முழு மெஷினையும் பிரிக்கிற வேலை. வீட்டில் செய்யாதீர்கள்.

கேள்வி: செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் துவைக்கும்போதே டிரெயின் ஹோஸ் வழியாகத் தண்ணீர் போய்விடுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: டிரெயின் வால்வு ரப்பர் முழுதாக மூடவில்லை. பெரும்பாலும் நூலோ, ஊக்கோ அதில் சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றி வால்வு மூடியைத் திருகி எடுங்கள். ரப்பரைக் கழுவி, வெடிப்பு இல்லாவிட்டால் அதையே மாட்டலாம். வெடித்திருந்தால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மாடலுக்கு மாடல் அளவு மாறும்.