முதலில் தாள், பிறகு போன், கடைசியில்தான் லாரி

வணக்கம்.

நானும் கணவரும் எட்டு மாதமாகப் பிரிந்து இருக்கிறோம். வழக்கு எதுவும் இன்னும் போடவில்லை. 1,400 கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. நாற்பது நாளில் சேர வேண்டும். ஒன்பது வயது மகள் என்னோடு வருகிறாள். பாதிச் சாமான் இன்னும் அவர் இருக்கும் வீட்டில்தான் கிடக்கிறது. அட்டைப் பெட்டிகள் வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகிறது, எதை முதலில் எடுத்து வைப்பது என்றே தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தைக் கையில் எடுத்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடுகிறது. "ஊரை விட்டு ஓடுகிறாய்" என்கிறார்கள். அப்படித்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெட்டிகளை மடித்து ஓர் ஓரமாக வையுங்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு அவற்றுக்கு வேலை இல்லை. பிரிவுக்குப் பின் வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் சாமானில் தொடங்குகிறார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால். ஆனால் தொலைந்தால் திரும்ப வாங்க முடியாதவை தாளிலும் போனிலும் இருக்கின்றன. வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் மகள். வழக்கு இல்லை என்பதால் இப்போதைக்கு இருவருக்கும் அவள்மேல் உரிமை உண்டு. ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் குழந்தையின் இருப்பிடத்தை நெடுந்தூரம் மாற்றினால், பிறகு நீதிமன்றத்தில் அது மாற்றியவருக்கு எதிராகப் பேசப்படலாம். நாட்டு எல்லையைத் தாண்டினால் விஷயம் இன்னும் கடுமை. 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, இப்படிக் கொண்டுபோகப்பட்ட 16 வயதுக்குட்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்பக் கோர வழி இருக்கிறது. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கணவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். புது முகவரி, புதுப் பள்ளி, விடுமுறையில் யாரிடம் இருப்பாள், போக்குவரத்துச் செலவு யாருடையது, வீடியோ அழைப்பு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருக்கட்டும். "எப்போது வேண்டுமானாலும் பேசலாம்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய வீடுகளில் ஒன்று தினமும் சண்டை வரும், இல்லையென்றால் பேச்சே நின்றுபோகும்.

மிரட்டல், அடிதடி எதையும் நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் இந்த வரிசை செல்லாது. முன்கூட்டிச் சொல்லக் கூடாது, முகவரி தரக் கூடாது. வழக்கறிஞரோ பெண்கள் பாதுகாப்பு அமைப்போ சொல்கிற வழியில்தான் கிளம்ப வேண்டும்.

இனித் தாள். பிறப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ்கள், மகளின் தடுப்பூசிப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவக் கோப்பு, காப்பீட்டுப் பத்திரங்கள். இவை எல்லோரும் எடுப்பவை. பலர் கோபத்தில் விட்டுவிட்டு வருவது திருமணச் சான்றிதழை. விவாகரத்து மனுவுக்கே அது வேண்டும். பொதுச் சொத்துப் பத்திரங்களின் அசல் அங்கேயே இருக்கட்டும், தெளிவான நகல் போதும். கூட்டுக் கணக்கின் கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகளை இப்போதே இறக்கி வையுங்கள், பிறகு கடவுச்சொல் மாறிவிடலாம். அந்தக் கணக்கைத் துடைத்தெடுக்காதீர்கள். எடுப்பது எவ்வளவானாலும் எதற்கு என்று எழுதி வையுங்கள். கூட்டாக வாங்கிய கடன் 1,400 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவர் ஒரு தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றிலும் அது ஏறும். நாமினி பெயர்களையும் பாருங்கள், பழைய வேலையில் சேர்ந்த நாளில் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கும்.

முகவரி மாற்றத்தைச் சோம்பலில் தள்ளிப்போடக் கூடாது. நீதிமன்ற நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், நீங்கள் ஆஜராகாமல் இருந்தால், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம். அதை நீக்கக் கேட்டு மனுப் போடலாம்தான், ஆனால் அது தனி அலைச்சல்.

போனுக்கு வருவோம். சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குடும்பத் திட்டத்தில் அவர் பெயரில் இருந்தால், ஒரு நாள் அவர் அதை நிறுத்தினால் வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றின் ஓடிபியும் நின்றுபோகும். அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் புது எண் வாங்கி, பழையது உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கணக்கிலும் எண்ணை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. மின்னஞ்சல்தான் மற்றக் கணக்குகளுக்குச் சாவி. பழைய எண்ணைக் குறைந்தது ஆறு மாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கணக்கு அதற்குத்தான் ஓடிபி அனுப்பும்.

பாதுகாப்புக் கேள்விகளையும் மாற்றுங்கள். உங்கள் அம்மா பெயரும் முதல் பள்ளியும் அவருக்கு மனப்பாடம். பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உங்களுக்கு நினைவிருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களில் பழைய வீட்டுக் கணினி இருக்கிறதா பாருங்கள். மகளின் டேப்லெட்டில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கலாம். பொது ஆல்பத்தில் உள்ள படங்களை நகலெடுத்த பிறகே குடும்பக் குழுவிலிருந்து வெளியேறுங்கள், வெளியேறினால் பார்க்கும் அனுமதி போய்விடும்.

சாமான். அந்த வீட்டுக்கு மூன்றாம் ஆள் ஒருவரோடு போங்கள், இருவருக்கும் வேண்டியவராக இருந்தால் நல்லது. எதையும் தொடுமுன் அறை அறையாக வீடியோ எடுங்கள். எடுக்கும் பொருள்களுக்கு ஒரு பட்டியல், அதில் இருவர் கையெழுத்து. சண்டைக்குரிய பொருளை விட்டுவிட்டு வாருங்கள். பட்டியலில் "பின்னர் முடிவு" என்று ஒரு பகுதி இருக்கட்டும்.

எதை ஏற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு. லாரியில் பெரும்பாலும் இடத்துக்குத்தான் காசு, விமானத்தில் எடைக்கு. விமானக் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பொதுவாக 5,000ஆல் வகுப்பார்கள். வரும் கிலோக் கணக்கு உண்மையான எடையைவிடக் கூடுதலானால் அதற்குத்தான் கட்டணம். எனவே சோபா, கட்டில் போன்ற இடம் அடைக்கும் பழைய பொருள்களை விற்றுவிடுவதே என் யோசனை. புது வீட்டின் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளக்காமல் அலமாரி ஏற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

முழு லாரி தேவைப்படாது, பிறர் சாமானோடு சேர்த்து அனுப்புவீர்கள். அப்படிப் போகும் சரக்கு வழியில் கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றப்படலாம். உடைவது பெரும்பாலும் அந்த ஏற்றி இறக்கும் இடத்தில்தான். 45×30×30 செ.மீ. பெட்டி 40 லிட்டர். முழுக்கப் புத்தகம் அடுக்கினால் 25 கிலோவை எட்டும், தூக்குகிறவர் போட்டுவிடுவார். பாதி புத்தகம், மேலே துணி, 15 கிலோவுக்குள் வையுங்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். படுத்த அடுக்கில் மேலிருக்கும் எடையெல்லாம் அடித்தட்டில் இறங்கும். டிவி நின்றபடிதான் போக வேண்டும். ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து உலர்த்துங்கள். வழியில் படுக்கவைத்தார்கள் என்றால், கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க ஒரு நாள் நிற்கவைத்துப் பிறகு போடுங்கள். முன்பக்கக் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரத்தின் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குவது. வாங்கியபோது பின்னாலிருந்து கழற்றிய போக்குவரத்து போல்ட்டுகளைத் தேடி மாட்டாமல் அனுப்பினால் குலுங்கியே கெட்டுவிடும்.

லாரியில் போகக் கூடாதவை: அசல் தாள்கள், நகை, ஒரு மாத மருந்து, மருத்துவர் சீட்டு, மகளின் தலையணை. தலையணையைத் துவைக்க வேண்டாம், அந்த வாசனை வேண்டும் அவளுக்கு. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். லாரி தாமதமாகும் என்றே வைத்துக்கொண்டு, மூன்று நாள் துணி, இரண்டு போர்வை, ஒரு பாத்திரம், பல்பு, நீட்டிப்பு வயர், ஸ்க்ரூடிரைவர், பெட்டி கிழிக்கும் கத்தி இவற்றை உங்களோடு கொண்டுபோங்கள்; விமானத்தில் போனால் கத்தியும் ஸ்க்ரூடிரைவரும் கைப்பையில் வேண்டாம். போனதும் மகளின் அறையை முதலில் ஒழுங்கு செய்யுங்கள், சமையலறை காத்திருக்கும். வாடகை ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மேல் போட வேண்டாம். எந்தப் பகுதி சரி என்று இங்கிருந்தபடி உங்களால் தீர்மானிக்க முடியாது.

"ஓடுகிறாயா" என்ற கேள்வி. 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவன் மனைவி பிரிவுக்கு 65, வீடு மாறுவதற்கு 20. ஊர் மாறுவதன் இந்த இருபதைச் சமாளித்துவிடலாம். அறுபத்தைந்து உங்களோடு லாரியேறி வரும், பெட்டியெல்லாம் பிரித்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து உட்காரும். அந்த மாலைகளுக்கு இப்போதே ஏதாவது குறித்து வையுங்கள்: மகளுக்கு நீச்சல் வகுப்பு, பழைய தோழியோடு போன். வேலைக்காக, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, முகவரி கொடுத்துவிட்டுப் போகிறவரை ஓடுகிறவர் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

ஆல்பத்தை இப்போது திறக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். அது மகளுக்கும் சொந்தம், பதினைந்து வயதில் கேட்பாள். ஈரம் புகாத உறையில் போட்டு ஒரு பெட்டியின் அடியில் வையுங்கள். எந்தப் பெட்டியின் மேலும் உள்ளே இருப்பதை எழுத வேண்டாம், திருட்டிலிருந்தும் அது பாதுகாப்பு. எண் மட்டும் போடுங்கள், எந்த எண்ணில் என்ன என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஆல்பம் உள்ள பெட்டிக்குக் கடைசி எண்ணைக் கொடுங்கள். மற்றவை எல்லாம் பிரித்து முடியும்வரை அதன் முறை வராது.